மிங்கோ கவுன்டி கோர்ட் கதை: ஜட்ஜைத் தேர்தல்ல நிக்க வச்சா இதான் நடக்கும்

கரிசல்_குமரன்:
ரெண்டு நாளா இதையே படிச்சிட்டு இருக்கேன், மனசு ஆறல, அதான் தனி இழையா போடறேன். அமெரிக்காவுல வெஸ்ட் வர்ஜீனியா மாநிலம், அதுல கென்டக்கி எல்லையை ஒட்டி மிங்கோ கவுன்டின்னு ஒண்ணு (கவுன்டின்னா நம்ம மாவட்டம் மாதிரி). முழுக்க மலை, நிலக்கரிச் சுரங்கம், நடுவுல டக் ஃபோர்க் ஆறு. 2010 கணக்குப்படி மொத்த ஜனமே 27 ஆயிரத்துக்குக் கொஞ்சம் கீழ. கோர்ட் இருக்கற ஊர் வில்லியம்சன், அங்க ஒரு 3 ஆயிரம் பேர். இவ்வளவுக்கும் சேர்த்து ஒரே ஒரு சர்க்யூட் ஜட்ஜ் (பெரிய கேஸெல்லாம் விசாரிக்கறவர்), மைக்கேல் தார்ன்ஸ்பரி, 1997ல உக்காந்தவர் 2013 வரைக்கும் அந்த நாற்காலியை விட்டு எந்திரிக்கல.

2012ல அங்க ஷெரீஃப் (கவுன்டி போலீஸ் தலைவர்) தேர்தல். யூஜின் கிரம்னு முன்னாள் மாஜிஸ்ட்ரேட் ஒருத்தர் நிக்கறார், போதை மாத்திரையை ஒழிச்சுக் காட்டறேன்னு பிரச்சாரம். அதுக்குப் போர்டு அடிச்சுக் குடுத்தவர் ஊர்ல சைன்போர்டு வேலை பாக்கற ஒருத்தர், பில்லு சுமார் 3,000 டாலர் பாக்கி. கிரம் ஜெயிச்சு 2013 ஜனவரில பதவி ஏத்தாச்சு, பாக்கி மட்டும் வரல. போர்டுக்காரர் கேக்கறார், திரும்பத் திரும்பக் கேக்கறார், ஒருநாள் ஆள் விட்டு அவர்கிட்ட மாத்திரை வாங்க வச்சு அவர் மேலயே போதை கேஸ் போட்டாச்சு. அவர் சும்மா இருக்கல, தன் வக்கீல் மூலமா எஃப்.பி.ஐ. கிட்ட போய் இந்த ஷெரீஃபுக்கு நானே மாத்திரை குடுத்திருக்கேன்னு சொல்ல ஆரம்பிச்சார். உடனே ஜட்ஜ், பிராசிக்யூட்டர் (அரசுத் தரப்பு வக்கீல்) மைக்கேல் ஸ்பார்க்ஸ், கவுன்டி கமிஷனர் டேவிட் பெய்ஸ்டன், ஷெரீஃப் நாலு பேரும் கூடிப் பேசி, அந்த வக்கீலை விட்டுட்டு நாங்க சொல்ற வக்கீலை வச்சுக்கிட்டா தண்டனை லேசாப் போகும்னு சொல்லி அனுப்பறாங்க. மனுஷன் பயந்து வக்கீலை மாத்தினார், குற்றத்தை ஒத்துக்கிட்டார், அதே ஜட்ஜ் கையால 1 முதல் 15 வருஷம் வரைக்கும் ஜெயில்னு தீர்ப்பு வாங்கினார். போர்டுக்குக் காசு கேட்டதுல ஆரம்பிச்ச கதை இது.

இதே ஜட்ஜ் தன் செக்ரட்டரியம்மா மேல ஆசைப்பட்டு, அந்தம்மாவோட புருஷனை ஜெயிலுக்கு அனுப்ப 2008லேந்து திட்டம் போட்டான். காந்தம் வச்ச இரும்பு டப்பால போதைப்பொருள் போட்டு அவர் வண்டிக்கு அடில ஒட்டச் சொன்னான், அது நடக்கலன்னதும் சுரங்கக் கம்பெனி சாமானைத் திருடினார்னு ஒரு போலீஸ்காரர் மூலமா கேஸ், அதுவும் நிக்கலன்னதும் தன்னோட பிசினஸ் பார்ட்னரையே கிராண்ட் ஜூரிக்கு (கேஸ் போடலாமான்னு முடிவு பண்ற பொதுமக்கள் குழு) தலைவரா உக்கார வச்சு சம்மன் மேல சம்மன்.

ஜட்ஜ், பிராசிக்யூட்டர், ஷெரீஃப், கமிஷனர், மாஜிஸ்ட்ரேட் எல்லாரும் அங்க வோட்டு வாங்கி வர்றவங்க. டீம் மிங்கோன்னு பேரே வச்சுக்கிட்டு ஒருத்தருக்கு ஒருத்தர் வேலை பாத்த கோஷ்டி. ஜட்ஜு வோட்டுக்கு நின்னா அவர் அரசியல்வாதிதான், அந்த முறையையே தூக்கணும். இதுக்கு எதிரா யாராவது பேச முடிஞ்சா பேசுங்க, கேக்கறேன்.

ஓஹயோ_செந்தில்:
நான் பேசறேன் குமரன். கொலம்பஸ்ல இருக்கேன், நெட்வொர்க் வேலையா 2014ல வில்லியம்சன்ல அஞ்சு வாரம் தங்கியிருக்கேன். நீங்க எழுதறதைப் படிச்சா அந்த ஊரே திருட்டு ஊர்னு ஒரு படம் வருது, அது எனக்கு வலிக்குது. மலைக்கும் ஆத்துக்கும் நடுவுல ஒரு சின்ன கீத்து மாதிரி ஊர், ஆறு உள்ள வராம இருக்க கான்கிரீட் சுவர், நாள் முழுக்க கரி ரயில், நடுவுல நிலக்கரியாலயே கட்டின ஒரு கட்டடம். காலைல காபி குடிக்கப் போனா முன்னப் பின்ன தெரியாத ஆளுங்க நம்ம வீட்டுல எல்லாரும் சௌக்கியமான்னு கேப்பாங்க. தேர்தல் வருஷம், ஒவ்வொரு வீட்டு வாசல் புல்லுலயும் நாலஞ்சு போர்டு குத்தி நிக்கும். அந்த போர்டு ஒவ்வொண்ணையும் ஒருத்தர் உக்காந்து கையால மை போட்டு அடிக்கறார்னு அப்ப எனக்குத் தோணவே இல்ல, உங்க பதிவைப் படிச்சப்புறம்தான் தோணுது.

ஆனா விஷயத்துக்கு வர்றேன். மாட்டிக்கிட்டாங்க இல்லையா? 2013 ஆகஸ்ட்ல ஜட்ஜ் கைது, அக்டோபர்ல குற்றத்தை ஒத்துக்கிட்டார், 2014 ஜூன்ல 50 மாசம் ஃபெடரல் (மத்திய அரசு) ஜெயில். பிராசிக்யூட்டர் வேலையை விட்டு ஒரு வருஷம் உள்ள போனார். கமிஷனருக்கு 20 மாசம், அது வேற கேஸ், தன் சொந்த வண்டிக்கு அரசாங்க விலைல டயர் குடுன்னு கேட்டு, கடைக்காரங்க முடியாதுன்னதும் கவுன்டி வாங்கற டயரையே அந்தக் கடைல நிறுத்தினதுக்கு. மாஜிஸ்ட்ரேட் ஒருத்தர் வாக்காளர் பதிவு மோசடில உள்ள போனார். போர்டுக்காரர் மேல இருந்த தீர்ப்பும் ரத்தாகி வெளிய வந்துட்டார். ஒரு வருஷத்துக்குள்ள ஒரு கவுன்டியோட மொத்த அதிகாரத்தையும் சுத்தம் பண்ணியிருக்காங்க. வேற எத்தனை நாட்டுல பதவில இருக்கற ஜட்ஜை இப்படிப் பிடிச்சு உள்ள போடுவாங்க சொல்லுங்க?

வக்கீல்_மீனாட்சி:
குமரன், முதல்ல ஒரு திருத்தம், இதை விட்டுட்டு நான் மேல பேச மாட்டேன். செக்ரட்டரியோட புருஷன் சம்பந்தப்பட்டதெல்லாம் குற்றப்பத்திரிகைல இருந்த குற்றச்சாட்டு. தார்ன்ஸ்பரி ஒத்துக்கிட்டது போர்டுக்காரர் விஷயத்துல நடந்த சதியை மட்டும்தான், குற்றத்தை ஒத்துக்கறதுக்குப் போட்ட அந்த ஒப்பந்தத்துல செக்ரட்டரி புருஷன் கேஸைக் கைவிட்டுட்டாங்க. அந்தக் காந்த டப்பா கதை எந்த விசாரணைலயும் நிரூபணம் ஆகல. நீங்க "திட்டம் போட்டான்"னு எழுதியிருக்கீங்க. ஆதாரம் இல்லாம ஒருத்தரைக் குற்றவாளின்னு சொல்லக் கூடாதுங்கறதுதான் இந்தக் கேஸ்ல நமக்கு இருக்கற கோபமே, அதை நாமளே செய்யக் கூடாது.

அடுத்தது தேர்தல். 1997ல தார்ன்ஸ்பரியை அந்த நாற்காலில உக்கார வச்சது வோட்டு இல்ல, கவர்னர் நியமனம். அப்புறம்தான் தேர்தல்ல நின்னார். அதனால வோட்டுதான் கெடுத்துச்சுன்னு சொல்றது நிக்காது. என் கணக்குல முக்கியமானது அந்த ஒரே ஒரு ஜட்ஜுங்கறது. ஒரு ஊர்ல நாலு ஜட்ஜ் இருந்தா கேஸ் யார்கிட்ட போகும்னு முன்கூட்டியே தெரியாது, ஒருத்தர் தப்பு செஞ்சா பக்கத்து ரூம்காரருக்குக் காதுல விழும். மிங்கோல ஒரு போதை கேஸ் போட்டா அது எந்த மேஜைக்குப் போகும்னு சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஷெரீஃபுக்கு அந்த ஒரு மேஜை மட்டும் கைல இருந்தா போதும்.

கரிசல்_குமரன்:
மேடம் நியமனம்னு சொல்லிட்டீங்க, ஆனா அவருக்கு முன்னாடி அந்த நாற்காலில இருந்தது யாரு பாத்தீங்களா? எலியட் மேனார்ட். மிங்கோ ஜட்ஜா இருந்து 1996ல தேர்தல்ல நின்னு மாநில சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனவர். அங்க தலைமை நீதிபதி ஆகி, மாஸ்ஸி நிலக்கரிக் கம்பெனி முதலாளி டான் பிளாங்கன்ஷிப்போட 2006ல மொனாக்கோ கடற்கரைல இருந்த போட்டோ வெளில வந்துச்சு, அப்ப அந்தக் கம்பெனி கேஸ் இவங்க கோர்ட்லயே நடந்துட்டு இருக்கு. பிளாங்கன்ஷிப்பும் மிங்கோல வளர்ந்த ஆள்தான். அதே பிளாங்கன்ஷிப் 2004ல பிரென்ட் பெஞ்சமின்னு ஒருத்தரை மாநில சுப்ரீம் கோர்ட் ஜட்ஜா ஜெயிக்க வைக்க கிட்டத்தட்ட 30 லட்சம் டாலர் சொந்தக் காசை இறக்கினார், அவர் ஜெயிச்சு வந்து மாஸ்ஸிக்கு எதிரா வந்திருந்த 5 கோடி டாலர் தீர்ப்பை ரத்து பண்ற பக்கம் வோட்டுப் போட்டார், 2009ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் தலையிட்டு அந்த ஜட்ஜ் விலகியிருக்கணும்னு சொல்லிச்சு, அதுவும் 5க்கு 4ங்கற கணக்குல. வோட்டு இல்லாட்டி அந்த 30 லட்சத்துக்கு எங்க வேலை?

வக்கீல்_மீனாட்சி:
உண்மைதான், கேப்பர்டன் கேஸ் அது. காசு உள்ள வர்ற வாசல் தேர்தல்னு நானும் ஒத்துக்கறேன். வெஸ்ட் வர்ஜீனியாவே அப்புறம் கட்சிப் பேர் இல்லாம ஜட்ஜ் தேர்தல் நடத்தற மாதிரி மாத்திடுச்சு, 2016லேந்து அப்படித்தான். ஆனா நீங்க தர்ற மருந்து நியமனம். நியமிக்கறவர் கையிலயும் ஒரு கட்சி இருக்கு, ஒரு கோஷ்டி இருக்கு. 3,000 டாலர் பில்லுக்காக ஒருத்தரை உள்ள தள்ளறதுக்கு 30 லட்சம் எதுக்கு? இங்க காசு பெருசில்ல, தெனமும் ஒண்ணா உக்காந்து டீ குடிக்கறாங்களே அந்தப் பழக்கம்தான் பெருசு.

பழனிவேல்_67:
தம்பிங்களா, மேடம், எல்லாரும் கோர்ட்டுக்குள்ளயே நிக்கறீங்க, கொஞ்சம் வெளில வந்து தெருவைப் பாருங்க. அந்த கவுன்டில கெர்மிட்னு ஒரு ஊர், 400 பேர் கூட இல்ல. அங்க இருந்த ஒரே ஒரு மருந்துக்கடைக்கு ரெண்டு வருஷத்துல கிட்டத்தட்ட 90 லட்சம் ஹைட்ரோகோடோன் வலி மாத்திரை வந்து இறங்கியிருக்கு. வில்லியம்சன்ல ரெண்டு மருந்துக்கடை, 2006லேந்து 2016க்குள்ள 2 கோடியே 8 லட்சம் மாத்திரை. மாநிலம் முழுக்க ஆறு வருஷத்துல 78 கோடி மாத்திரை, அந்த மாத்திரைகளால செத்தவங்க 1,728 பேர். இதை எண்ணி எடுத்தது சார்ல்ஸ்டன் பத்திரிகைக்காரர் எரிக் ஐயர், அதுக்கு 2017ல புலிட்சர் பரிசு குடுத்தாங்க. வில்லியம்சனைச் சுத்துப்பட்டுல பில்லியம்சன்னே (இங்கிலீஷ்ல பில்னா மாத்திரை) கூப்பிட்டிருக்காங்க, காலைல அஞ்சு மணிக்கே வேற மாநில நம்பர் பிளேட் வண்டிங்க கிளினிக் வாசல்ல வரிசை கட்டும்.

திட்டமிட்ட குற்றம்னா என்ன? ஒரு சரக்கு, மேல இருந்து கீழ வரைக்கும் அதைக் கடத்தற ஏற்பாடு, காசு, பாத்தும் பாக்காத மாதிரி இருக்கற அதிகாரி. இங்க சரக்கை லாரில ஏத்தி ரசீது போட்டு அனுப்பினது பெரிய பெரிய மருந்து மொத்த வியாபாரக் கம்பெனிங்க. 400 பேர் ஊருக்கு 90 லட்சம் மாத்திரை எதுக்குன்னு பில் போட்டவனுக்குத் தெரியாதா? கெர்மிட் கடை முதலாளிக்குக் கிடைச்ச ஜெயில் ஆறு மாசம். ஜட்ஜுக்கு 50 மாசம்னு செந்தில் தம்பி சந்தோஷப்படறாரு. மாத்திரை அனுப்பின கம்பெனிங்க அபராதம் கட்டிட்டு வியாபாரம் பண்ணிட்டு இருக்கு. நீங்க எல்லாரும் சின்ன மீனைப் பத்திச் சண்டை போடறீங்க.

ரேவதி_நர்ஸ்:
ஐயா சொன்னதுல ஒண்ணு சேர்க்கறேன். அந்த மாத்திரை முதல்ல போனது நிஜமான வலிக்கு. மூணடி உயரக் கரிச்சுவருக்கு நடுவுல நாள் முழுக்க முட்டி போட்டு வேலை பாத்தவங்களுக்கு இடுப்பு, முழங்கால் எதுவும் மிஞ்சாது. ஒருநாள் லீவு எடுத்தா சம்பளம் போச்சு, அதனால மாத்திரை போட்டுட்டு மறுபடி குழிக்குள்ள. நாலு மாசம் கழிச்சு உடம்பு அது இல்லாம ஓடாது. வார்டுல இதை நான் கண்ணால பாத்திருக்கேன், பாக்கறதுக்கு நல்ல குடும்பஸ்தன், கை நடுங்கிட்டே இன்னும் ஒண்ணு குடுங்க சிஸ்டர்னு கெஞ்சுவார். அவங்களைத் திருடன்னு மட்டும் யாரும் எழுதாதீங்க.

கரிசல்_குமரன்:
பழனிவேல் ஐயா, நீங்க சொல்ற பெரிய மீனும் நான் சொல்ற சின்ன மீனும் ஒரே குளத்துலதான் இருக்கு. மாத்திரை ஓடணும்னா கோர்ட் தூங்கணும். கிரம் என்ன சொல்லி வோட்டு வாங்கினார்? மாத்திரையை ஒழிப்பேன்னு. அவரே போர்டுக்காரர்கிட்ட மாத்திரை வாங்கியிருக்கார்.

ஓஹயோ_செந்தில்:
இல்ல குமரன், இதுல நான் உங்களோட ஒத்துப்போக மாட்டேன். மாத்திரை வாங்கினார்ங்கறது போர்டுக்காரர் சொன்னது. கிரம் அதுக்குப் பதில் சொல்ற வாய்ப்பே இல்லாம செத்துட்டார். 2013 ஏப்ரல் 3, மத்தியானம், வில்லியம்சன்ல தன் வண்டில உக்காந்து சாப்பிட்டுட்டு இருந்தப்போ ஒருத்தன் கிட்ட வந்து தலைல சுட்டான். எந்த இடத்துல தெரியுமா? சட்டவிரோதமா மாத்திரை வித்ததுக்காக மூடின ஒரு இடத்துக்குப் பக்கத்துல. அது திரும்பத் திறந்துடக் கூடாதுன்னு தினம் அங்க வண்டியை நிறுத்திதான் சாப்பிடுவாராம். பதவி ஏத்து மூணு மாசம், அதுக்குள்ள அத்தனை பேரைப் பிடிச்சு உள்ள போட்டார். நான் அங்க போனது அதுக்கு அடுத்த வருஷம், அந்த ஊர்ல பல பேருக்கு இன்னமும் அவர் தங்கள் பிள்ளைங்களுக்காக உயிரைக் குடுத்த மனுஷன். நான் தங்கியிருந்த வீட்டு அம்மா தன் தங்கச்சி மகனை மாத்திரைக்குப் பறிகொடுத்தவங்க. அவங்க முன்னாடி போய் கிரம் திருடன்னு உங்களால சொல்ல முடியுமா?

கரிசல்_குமரன்:
சொல்லுவேன் செந்தில். அந்தம்மாவுக்கு என் அனுதாபம் உண்மையானது. ஆனா ஜட்ஜ் ஒத்துக்கிட்ட வாக்குமூலத்தோட அர்த்தம் என்ன? ஷெரீஃபைப் பத்தின உண்மை வெளில வராம இருக்க ஒருத்தரோட வக்கீலைப் பிடுங்கினோம்னுதானே? கிரம் பேர்ல தப்பே இல்லன்னா நாலு பேரும் அவ்வளவு தூரம் போய் எதை மறைச்சாங்க? நல்லவரைச் சுட்டுக் கொன்னாலும் கெட்டவரைச் சுட்டுக் கொன்னாலும் கொலை கொலைதான், அதுல எனக்கு மாத்துக்கருத்து இல்ல, ஆனா சாவு ஒருத்தர் செஞ்சதை அழிச்சிடாது.

வக்கீல்_மீனாட்சி:
ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுங்க. ஒரே ஆள் மாத்திரை விக்கறவங்களைப் பிடிக்கவும் செய்வார், தனக்குப் பாக்கி கேட்டவரை அதே அதிகாரத்தை வச்சு அடிக்கவும் செய்வார். சுட்டவனுக்கும் இந்தச் சதிக்கும் முடிச்சுப் போடற மாதிரி எதுவும் கோர்ட்ல வரல, மனநிலை சரியில்லன்னுதான் அவன் விஷயத்துல பேச்சு போச்சு. அதையும் இதையும் கலக்காதீங்க.

எனக்கு இந்தக் கேஸ்ல தூக்கம் கெடுக்கறது ஒண்ணே ஒண்ணு, அந்த வக்கீல் மாத்தல். 20 வருஷமா கோர்ட்ல நிக்கறேன், கட்சிக்காரர் காலைல வந்து "மேடம், கோவிச்சுக்காதீங்க, வேற வக்கீல் பாத்துக்கறேன்"னு தலை குனிஞ்சு சொன்ன நாள் எனக்கும் உண்டு. யார் சொல்லி அனுப்பினாங்கன்னு அவர் சொல்ல மாட்டார், நானும் கேக்க முடியாது, கேட்டா அவருக்குத்தான் ஆபத்து. பேப்பர்ல பாத்தா எல்லாம் சட்டப்படி இருக்கும். அவரே விரும்பி மாத்தினார், அவரே விரும்பி ஒத்துக்கிட்டார், ஜட்ஜ் கேட்டப்போ யாரும் மிரட்டலைன்னு அவரே சொன்னார். மேல்கோர்ட்ல அந்தக் காகிதத்தைப் படிச்சா ஒரு புள்ளி தப்பு இருக்காது. எஃப்.பி.ஐ. தனியா வராம இருந்திருந்தா அந்த மனுஷன் தண்டனையை முழுசா அனுபவிச்சிருப்பார், காகிதம் அப்படியே சுத்தமா அலமாரில இருந்திருக்கும். செந்தில், முறை வேலை செஞ்சுதுன்னு நீங்க சொல்றதை என்னால ஏத்துக்க முடியாதது இதனாலதான். மாநிலத்தோட முறை ஒவ்வொரு படியிலயும் சரின்னு கையெழுத்துப் போட்டுச்சு. வெளில இருந்து ஒருத்தர் வந்துதான் பிரிச்சார்.

கரிசல்_குமரன்:
மேடம், இது நெஞ்சுல குத்துது. ஆனா உங்க ஒரே ஜட்ஜ் வாதத்துக்கு எதிரா ஒண்ணு வைக்கறேன். பென்சில்வேனியால லூசர்ன் கவுன்டி. அதுவும் பழைய நிலக்கரி பூமி, ஆனா 3 லட்சத்துக்கு மேல ஜனம், ஜட்ஜுங்க பல பேர். அங்கதான் மைக்கேல் கோனஹன், மார்க் சியாவரெல்லான்னு ரெண்டு ஜட்ஜுங்க, தனியார் சிறுவர் ஜெயில் கட்டினவர், அதுல பங்கு வச்சிருந்தவர் இவங்ககிட்டயிருந்து 28 லட்சம் டாலர் வாங்கினாங்க. கவுன்டியோட சொந்த சிறுவர் காப்பகத்தை மூட வச்சு, தனியார் இடத்துக்குப் பிள்ளைங்களை அனுப்பினாங்க. கோனஹன் புஃபாலினோ மாஃபியா கும்பலோட தலைவர்னு சொல்லப்பட்ட வில்லியம் டெலியாவோட ஒரு ஹோட்டல்ல அடிக்கடி காலை டிபன் சாப்பிட்டுட்டே பேசுவார்னு இன்னொரு வழக்குல சாட்சியம் வந்து, அந்தத் தீர்ப்பையே மாநில சுப்ரீம் கோர்ட் ரத்து பண்ணிச்சு. பக்கத்து ரூம்ல அத்தனை ஜட்ஜுங்க இருந்தும் பல வருஷம் நடந்திருக்கே, யார் காதுல விழுந்துச்சு? ரெண்டு பேருமே தேர்தல்ல ஜெயிச்சவங்க.

வக்கீல்_மீனாட்சி:
சரி, இதுக்கு நான் பதில் சொல்லணும். நீங்க சொன்னது என் வாதத்தை அடிச்சிடுச்சு, ஒரே ஜட்ஜுங்கறது மட்டும் காரணம்னா லூசர்ன் நடந்திருக்கக் கூடாது. ஆனா லூசர்ன்ல எப்படி முடிஞ்சுதுன்னு பாருங்க. சியாவரெல்லா கோர்ட்டுக்கு வந்த பிள்ளைங்கள்ல ஏறக்குறைய பாதிப் பேருக்கு வக்கீலே கிடையாது. வாசல்ல ஒரு படிவம், வக்கீல் வேண்டாம்னு அப்பாம்மா கையெழுத்து, உள்ள போனா ஒரு நிமிஷம், ஒண்ணரை நிமிஷம், விலங்கு. உதவித் தலைமையாசிரியரைக் கேலி பண்ணி மைஸ்பேஸ்ல (ஃபேஸ்புக் மாதிரி ஒண்ணு) பக்கம் ஆரம்பிச்ச ஒரு பொண்ணுக்கு மூணு மாசம். அந்தப் பொண்ணு அதுக்கு முன்னாடி ஒரு தப்பும் செஞ்சதில்ல. பிள்ளைங்களுக்கு வக்கீல் வச்சுக்கற உரிமை உண்டுன்னு அமெரிக்க சுப்ரீம் கோர்ட் 1967லயே சொல்லிடுச்சு, அந்தத் தீர்ப்பு லூசர்ன்ல அந்த வாசல் படிவத்தைத் தாண்டி உள்ள போகவே இல்ல.

அதனால என் நிலையை மாத்திக்கறேன். ஒரு ஜட்ஜா பத்து ஜட்ஜாங்கறது இல்ல, நீங்க சொல்ற வோட்டா நியமனமாங்கறதும் இல்ல. மிங்கோல வக்கீலைப் பிடுங்கினாங்க, லூசர்ன்ல வக்கீலே வராம பாத்துக்கிட்டாங்க. ரெண்டு இடத்துலயும் குற்றவாளிக் கூண்டுல நின்னவர் பக்கத்துல அவருக்குன்னு ஒரு ஆள் இல்ல. அந்த ஆள் ஜட்ஜ் தயவுல சம்பளம் வாங்காதவரா, ஊர் கோஷ்டிக்குப் பயப்படாதவரா இருந்துட்டா ஜட்ஜ் எவ்வளவு கெட்டவரா இருந்தாலும் ஒரு இடத்துல தடுக்கி விழுவார். லூசர்ன்லயும் பிள்ளைங்களுக்காக வெளியூர்லேந்து வந்த வக்கீலுங்கதான் மாநில சுப்ரீம் கோர்ட் கதவைத் தட்டினாங்க. 2009ல சுமார் 4 ஆயிரம் தீர்ப்பை மொத்தமா ரத்து பண்ணினாங்க.

பழனிவேல்_67:
மேடம் சொல்றது சரிதான்னு படுது, ஆனா எனக்கு ஒரு பழைய கணக்கு இருக்கு. இதே மிங்கோ, 1980கள். அப்ப ஷெரீஃபா இருந்த ஜானி ஓவன்ஸ் தன்னோட பதவியையே 1 லட்சம் டாலருக்கு அடுத்த ஆளுக்கு வித்தார், பதவி தெரியுமா, கடை இல்ல, நிலம் இல்ல, ஷெரீஃப் பதவி. கெர்மிட்ல ஒரு குடும்பம் டவுன் ஆபீஸ் பக்கத்துல டிரெய்லர் வீட்டை நிறுத்திப் போதைப்பொருள் வித்துச்சு, ஊர்ப் போலீஸ் தலைவர் அந்தக் குடும்பத்து மருமகன். சரக்கு தீந்துடுச்சு, 15 நிமிஷத்துல வர்றோம்னு வாசல்ல எழுதிப் போட்டிருந்தாங்கன்னு அப்பவே பேப்பர்ல வந்துச்சு. 1986ல ஃபெடரல் ஆளுங்க வந்து மொத்தமா அள்ளிட்டுப் போனாங்க. அப்பவும் செந்தில் தம்பி மாதிரி சுத்தம் ஆயிடுச்சுன்னுதான் எல்லாரும் சொல்லியிருப்பாங்க. 27 வருஷம் கழிச்சு அதே கவுன்டிக்கு ஃபெடரல் ஆளுங்க திரும்ப வந்தாங்க. நடுவுல கரி வேலை போச்சு, கோர்ட்டும் ஸ்கூலும் கவுன்டி ஆபீஸும்தான் நிலையான சம்பளம் குடுக்கற இடம். எவன் கைல வேலை குடுக்கற அதிகாரம் இருக்கோ அவனை எதிர்த்து ஒரு குடும்பம் எப்படி வாயைத் திறக்கும்? வக்கீலும் அதே ஊர்லதானே குடியிருக்கார், அவர் பொண்டாட்டி அதே ஸ்கூல்லதானே டீச்சர்.

ஓஹயோ_செந்தில்:
ஐயா, அந்தக் கடைசி வரி உண்மை. நான் ஒண்ணு சொல்றேன், இதுவரைக்கும் எழுதாம இருந்தேன். அங்க நான் வேலை பாத்த இடத்துல லன்ச் டேபிள்ல ஒருநாள் நானா இந்த ஜட்ஜ் பேச்சை எடுத்தேன், புதுசா வந்த ஆள் இல்லையா, பேப்பர்ல பாத்தேன்னு சொன்னேன். ஆறு பேர் உக்காந்திருந்தோம். ஒருத்தர் சாண்ட்விச்சை மடிச்சு வச்சார், ஒருத்தர் ஜன்னல் பக்கம் திரும்பினார், யாரும் ஒரு வார்த்தை பேசல. ஜட்ஜ் அப்ப தண்டனை வாங்கியாச்சு, ஊரை விட்டுப் போயாச்சு. சாயந்திரம் கார் பார்க்கிங்ல அந்த சாண்ட்விச் மடிச்சவர் மட்டும் கிட்ட வந்து, எங்க அண்ணனுக்கு அந்த ஆள் தண்டனை குடுத்தான், அது சரியா தப்பான்னு எங்களுக்கு இனிமே எப்படித் தெரியும்னு கேட்டார். நான் என்ன சொல்றதுன்னு தெரியாம நின்னேன்.

மாட்டிக்கிட்டாங்கன்னு நான் முதல்ல எழுதினதை வாபஸ் வாங்கல, பிடிச்சது உண்மை, அந்த ஃபெடரல் பிராசிக்யூட்டருங்க உழைப்பு உண்மை. ஆனா சுத்தம் பண்ணிட்டாங்கன்னு எழுதினேன் பாருங்க, அந்த வார்த்தையை எடுத்துக்கறேன். மீனாட்சி மேடம், அந்த அண்ணன் மாதிரி ஆளுங்களுக்கு வழி என்ன?

வக்கீல்_மீனாட்சி:
ஒவ்வொருத்தரா மனு போடணும் செந்தில், ஹேபியஸ் கார்பஸ், அதாவது ஆட்கொணர்வு மனு. என் கேஸ்ல இன்ன தப்பு நடந்துச்சுன்னு அவரேதான் காட்டணும், ஜட்ஜ் வேற கேஸ்ல தப்பு செஞ்சார்ங்கறது மட்டும் போதாது. குற்றத்தை ஒத்துக்கிட்டு உள்ள போனவருக்கு அது இன்னும் கஷ்டம், ஏன்னா விசாரணையே நடந்திருக்காது, காட்டறதுக்குப் பதிவு இருக்காது. லூசர்ன் பிள்ளைங்களுக்கு நடந்த மாதிரி மாநில சுப்ரீம் கோர்ட்டே ஒரு வெளியூர் ஜட்ஜை நியமிச்சு மொத்தக் கேஸையும் புரட்டச் சொல்றதுதான் நியாயமான வழி. 16 வருஷத்துக் கேஸ், 27 ஆயிரம் பேர் ஊர், புரட்டிப் பாக்க முடியாத அளவு ஒண்ணும் இல்ல. அந்தப் பார்க்கிங்ல நின்னவர் கேட்ட கேள்விக்கு அதைத் தவிர வேற பதில் இருக்கறதா எனக்குத் தெரியல.

ரேவதி_நர்ஸ்:
செந்தில் அண்ணா, அந்த அண்ணன் உள்ள போனதும் மாத்திரை கேஸ்தானா?

ஓஹயோ_செந்தில்:
ஆமாம்மா. இடுப்பு அடிபட்ட சுரங்கக்காரர்.

கரிசல்_குமரன்:
முதல் பதிவுல செக்ரட்டரி புருஷன் பத்தி எழுதின பத்தியைத் திருத்திடறேன், "செஞ்சதாக் குற்றச்சாட்டு, பிறகு கைவிடப்பட்டது"ன்னு போட்டுடறேன், மேடம் சொன்னது சரி. தலைப்பை மாத்த மாட்டேன். வக்கீல் விஷயம் முக்கியம்னு ஏத்துக்கறேன், ஆனா அந்த வக்கீலை மாத்தச் சொன்ன நாலு பேருமே அடுத்த தேர்தல்ல ஒருத்தருக்கு ஒருத்தர் தேவைப்பட்டவங்க. மேடம், லூசர்ன்ல அந்த வெளியூர் ஜட்ஜ் எப்படிக் கேஸைப் புரட்டினார்னு விவரமா ஒரு பதிவு போட்டீங்கன்னா அதை வச்சு மேல பேசலாம்.

வக்கீல்_மீனாட்சி:
ஞாயித்துக்கிழமை எழுதறேன். செந்தில், அந்த நண்பரோட இன்னும் பேச்சு இருந்தா, அண்ணனோட கேஸ்ல வக்கீல் யார், அவரை யார் ஏற்பாடு பண்ணினாங்கன்னு மட்டும் கேட்டுப் பாருங்க. அதுலேந்து ஆரம்பிக்கலாம்.